ரெயின்கோட்டுக்கு முதுகுல மூக்கு வெச்ச கதை

போன நவம்பர்ல ஒரு நாள் ஆஃபீஸ் லிஃப்ட்டுல ரெயின்கோட்டைக் கழட்டுனேன். பக்கத்துல நின்னவர் என் சட்டையப் பாத்துட்டு "என்ன சார், கோட்டு ஒழுகுதா"ன்னு கேட்டார். நானும் அப்படித்தான் நெனச்சேன். முதுகு, அக்குள், முழங்கை மடிப்பு எல்லாம் சொதசொதன்னு. மூவாயிரத்துச் சொச்சம் குடுத்து வாங்குன கோட்டு, கழுத்துப் பக்கம் லேபிள்ல 10,000 / 10,000னு பெருமையா போட்டிருக்கான், மொதல் நம்பர் எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணிய தாங்கும்ங்கிறது, ரெண்டாவது ஒரு சதுர மீட்டர் துணி வழியா ஒரு நாளைக்கு எத்தனை கிராம் ஆவி வெளிய போகும்ங்கிறது.

அன்னைக்கு ராத்திரியே கோட்டோட ஒரு கைய மணிக்கட்டுல ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டி, பாத்ரூம் கொக்கில தொங்கவிட்டு, உள்ள ஒரு லிட்டர் தண்ணி ஊத்துனேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா வெளிப்பக்கம் ஒரு சொட்டு இல்ல. அடுத்து இன்னொரு கை, அப்பறம் முதுக பக்கெட் மேல தொட்டில் மாதிரி விரிச்சு அதுலயும் ஊத்திப் பாத்தேன். வலது தோள் தையல்ல மட்டும் லேசா கசிவு, மத்தபடி கோட்டு ஒழுகவே இல்ல. ஒழுகுனது நான்தான்.

இங்கதான் எனக்குக் கடுப்பு ஏறுச்சு. ஏன்னா இதே கோட்டைப் போட்டுட்டு ஜூலைல ஊட்டி போயிருக்கேன், சாரல்ல நாள் முழுக்க வண்டி ஓட்டிருக்கேன், உள்ள சட்டை காஞ்சாப்லதான் இருந்துச்சு. ஊட்டில மூச்சு விட்ட கோட்டு சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல ஏன் மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கு? அதத் தெரிஞ்சுக்கத்தான் நாலு ஞாயித்துக்கெழமை போச்சு, ஒரு கோட்டுல கத்திரி வெச்சு, ஒரு தடவை தப்பா வெட்டி, மறுபடி ஒட்டி, இப்ப ஒரு வழியா வந்திருக்கு. என்ன பண்ணேன்னு எழுதி வெச்சுக்கறேன், வேற யாராவது வண்டில நனையாம நனையறவங்களுக்கு உதவும்.

மொதல்ல அளக்கணும்னு தோணுச்சு. லேப்ல இதுக்கு ஒரு சிம்பிளான முறை இருக்கு, ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சு, மேல துணிய இறுக்கி மூடி, ஒரு நாள் கழிச்சு எடை எவ்ளோ குறைஞ்சுதுன்னு பாக்கறது. குறைஞ்ச எடை எல்லாம் துணி வழியா போன ஆவி. கிட்டத்தட்ட ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டறதுதான். அம்மாகிட்ட ஒரே அளவு ஊறுகாய் பாட்டில் எட்டு கேட்டேன், வாய் 7 செ.மீ. "ஊறுகாயே போடல, அதுக்குள்ள வேடு கட்டறானாம்"னு முணுமுணுத்துக்கிட்டே எடுத்துக் குடுத்தாங்க.

துணிக்கு திருப்பூர் சித்தப்பாவக் கூப்புட்டேன். ஜாப் வொர்க் யூனிட் வெச்சிருக்கார், ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள்னு தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவுலதான் எப்பவும் போன் எடுப்பார். கத்திரில வட்டம் வெட்டப் போறேன்னு சொன்னதும் "ஏங்கண்ணு, கத்திரில வெட்டுனா ஒண்ணு போல வருமா? நம்மகிட்ட ஜிஎஸ்எம் கட்டர் இருக்குதில்ல, வந்து எடுத்துட்டுப் போ"ன்னார். தெரியாதவங்களுக்கு, ஜிஎஸ்எம் கட்டர்ங்கிறது கைப்பிடி வெச்ச வட்டக் கத்தி, துணி மேல வெச்சு அமுக்கித் திருப்புனா சரியா 100 சதுர செ.மீ.க்கு ஒரு வட்டம் வரும். அத எடை போட்டு நூறால பெருக்குனா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு தெரிஞ்சிடும், அதான் ஜிஎஸ்எம். வட்டத்தோட குறுக்களவு 11 செ.மீ. சொச்சம், என் பாட்டில் வாய்க்கு மேல ரெண்டு பக்கமும் மடிச்சு ரப்பர் பேண்டு போட அளவெடுத்த மாதிரி இருந்துச்சு.

அவரே திருப்பூர் காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டுல கட் பீஸ் கொஞ்சம் பொறுக்கித் தந்தார். காட்டன் பனியன் துணி 180 ஜிஎஸ்எம், பாலியஸ்டர் டாட் நிட் 150 ஜிஎஸ்எம் (ஸ்போர்ட்ஸ் டீசர்ட்டுக்குப் போடற பொடி ஓட்டைத் துணி), பாலியஸ்டர் சட்டைத் துணி ஒண்ணு, கொஞ்சம் மெஷ் (வலைத் துணி). நான் வீட்டுல இருந்து சேத்தது என் கோட்டோட ஹூடுல இருந்து ஒரு வட்டம் (ஹெல்மெட் போடறவனுக்கு ஹூடு எதுக்கு), உள்ள உரிஞ்சு போன பழைய நைலான் கோட்டு, ரோட்டோரத்துல விக்கற பிவிசி பிளாஸ்டிக் கோட்டு, அப்பறம் ஃப்ரெண்டு ஒருத்தனோட கிழிஞ்ச கோர்டெக்ஸ் கோட்டு (தண்ணிய நிறுத்தி ஆவிய மட்டும் வெளிய விடற துணி).

எது நைலான் எது பாலியஸ்டர்னு சந்தேகம் வந்தா ஒரு நூலப் பிரிச்சு மொட்டை மாடில பழைய தட்டு மேல வெச்சுக் கொளுத்திப் பாத்துக்கலாம். பாலியஸ்டர் கருப்பா புகை விட்டு, உருகி, கல்லு மாதிரி ஒரு உருண்டை ஆகும். நைலானும் உருகும் ஆனா அந்தளவு கரும்புகை வராது. காட்டன் காகிதம் எரியற வாசனையோட சாம்பலாயிடும். சொட்டு விரல்ல பட்டா தோலோட வரும், இடுக்கி வெச்சுப் புடிங்க.

மொத ரவுண்டு வீண். கிச்சன் தராசு ஒரு கிராமுக்குக் கீழ காட்டாது, எல்லா பாட்டிலும் ரெண்டு இல்ல மூணு கிராம் குறைஞ்சதாக் காட்டுச்சு, அதுல என்னத்தக் கண்டுபுடிக்கறது. அப்பறம் நகை எடை போடற குட்டி டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்குனேன், 500 கிராம் வரைக்கும் 0.01 கிராம் சுத்தமா காட்டும்.

ரெண்டாவது ரவுண்டு. தண்ணிக்கும் துணிக்கும் ஒன்றரை செ.மீ. இடைவெளி, விளிம்புல இன்சுலேஷன் டேப், அறைல சுமார் 30 டிகிரி, ஈரப்பதம் 70% பக்கம். 24 மணி நேரம் கழிச்சு, துணியே கட்டாத பாட்டில் 3.2 கிராம் இழந்திருந்துச்சு. டாட் நிட் 3.0. காட்டன் பனியன் 2.9. பாலியஸ்டர் சட்டைத் துணி 2.9. கோர்டெக்ஸ் 2.8. என் கோட்டு 2.3. பழைய நைலான் கோட்டு 1.1. பிவிசி 0.04, அதுவும் டேப் ஓரத்துல போயிருக்கும்.

இதப் பாத்துட்டு கொஞ்ச நேரம் தலையச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணு, பாலியஸ்டர்னா மூச்சு விடாது காட்டன்னா விடும்னு சின்ன வயசுல இருந்து கேட்டதெல்லாம் இங்க எடுபடல, ரெண்டும் கிட்டத்தட்ட திறந்த பாட்டில் மாதிரியே இருக்கு. ரெண்டு, கோர்டெக்ஸுக்கும் பனியனுக்கும் வித்தியாசமே இல்லாத மாதிரி காட்டுது, அதெப்படி?

சித்தப்பாகிட்ட சொன்னா அவர் ஆச்சரியமே படல. "நூலா மூச்சு விடுது சாமி? ஓட்டைதான் மூச்சு விடும். நூலு எதுவா இருந்தா என்ன, நிட்டிங் லூசா இருந்தா காத்து போகுது, டைட்டா அடிச்சா போகாது"ன்னார். முப்பது வருஷம் துணியத் தடவிப் பாத்தே பேசற ஆளு. பாலியஸ்டர் இழைக்குள்ள தண்ணி போகாதுங்கறது நெசம்தான், சாதாரண காத்துல காட்டன் தன் எடைல 8% பக்கம் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், நைலான் 4% சொச்சம், பாலியஸ்டர் வெறும் 0.4%. ஆனா ஆவிக்கு இழைக்குள்ள போக வேண்டிய அவசியமே இல்ல, இழைக்கு நடுவுல வழி கெடக்கு. எங்கப்பா காலத்து டெரிலின் சட்டை மேல வந்த கெட்ட பேருதான் இன்னும் ஓடுது. 1941ல இங்கிலாந்துல வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபுடிச்ச அதே பாலியஸ்டர்தான் டெரிலின். வழுவழுன்னு நெருக்கமா நெய்ஞ்ச துணி, வேர்வைய உறிஞ்சாது, அப்படியே முதுகுல ஒட்டிக்கும். அதே பாலியஸ்டர மெல்லிசு இழையா இழுத்து, டாட் நிட்டா பின்னுனா, இழைகளுக்கு நடுவுல இருக்கற சந்துல வேர்வை விளக்குத் திரில எண்ணெய் ஏறற மாதிரி ஏறிப் பரவிடும்.

ரெண்டாவது கேள்விக்கு பதில் பாட்டிலுக்குள்ளயே இருந்துச்சு. தண்ணிக்கும் துணிக்கும் நடுவுல ஒன்றரை செ.மீ. அசையாத காத்து, துணிக்கு வெளிய இன்னொரு செ.மீ. அசையாத காத்து. ஆவி அந்த ரெண்டரை செ.மீ. காத்தை ஊர்ந்து கடக்கறதே பெரும்பாடு, அதுக்கு முன்னாடி நல்ல துணி எல்லாம் ஒண்ணுமே இல்ல. நான் துணிய அளக்கல, காத்தை அளந்துட்டு இருந்திருக்கேன்.

அதனால மூணாவது ரவுண்டு. தண்ணிய துணிக்கு 5 மி.மீ. கீழ வரைக்கும் நிரப்பி, டேபிள் ஃபேன் வெச்சு நாள் முழுக்க ஓடவிட்டேன். பாட்டிலுக்கு ஃபேன் போடறவன்னு வீட்டுல பேரு வாங்குனேன். தூக்கும்போது தளும்பி காட்டன் வட்டம் ஒரு தடவை நனைஞ்சு போச்சு, அத மட்டும் மறுநாள் திரும்ப வெச்சேன். இந்தத் தடவை திறந்த பாட்டில் 10.4 கிராம், டாட் நிட் 9.1, காட்டன் 8.6, கோர்டெக்ஸ் 7.3, என் கோட்டு 4.5, பழைய நைலான் 1.5, பிவிசி 0.05. இப்பத்தான் துணிகளோட சாயம் வெளுத்துச்சு.

இதையும் பாருங்க. தண்ணிய மேல ஏத்தி ஃபேன் போட்டதும் திறந்த பாட்டில் மூணு மடங்கு ஆச்சு, என் கோட்டு கட்டுன பாட்டில்கூட ரெண்டு மடங்கு ஆச்சு. அசையாத காத்துல என் கோட்டுக்குப் பதிலா எந்தத் துணிய மாத்துனாலும் கெடைக்கற லாபத்தை விடவும், அசையாத காத்தைக் குறைச்சதால என் கோட்டுக்கே கெடச்ச லாபம் பெருசு. இதத் தனியா நோட்டுல கோடு போட்டு எழுதி வெச்சேன், கடைசில கோட்டுல கத்திரி வெக்க தைரியம் குடுத்தது இந்த ஒரு வரிதான்.

லேபிள் கணக்குக்கு வர்றேன். 4.5 கிராம், பாட்டில் வாய் 38.5 சதுர செ.மீ., அப்ப சதுர மீட்டருக்கு நாளைக்கு கிட்டத்தட்ட 1,170 கிராம். லேபிள்ல 10,000. பொய்யான்னா, இல்ல, அதான் வேடிக்கை. இந்த அளவீட்டுக்கு நாலஞ்சு முறை இருக்கு, ஒண்ணோட நம்பரை இன்னொண்ணோட ஒப்பிடவே முடியாது. ஜப்பான் முறை ஒண்ணுல துணியோட ஒரு பக்கம் தண்ணிய ஒட்டி இருக்கும், இன்னொரு பக்கம் பொட்டாசியம் அசிடேட் கரைசல் ஆவிய உறிஞ்சி இழுக்கும், நடுவுல அசையாத காத்தே கெடையாது. அதுல நம்பர் எகிறும். என் லேபிள்ல எந்த முறைன்னே போடல. இந்த எடத்துல நம்ம ஆளுங்க ஏமாறறதுதான் அதிகம், 10,000 கோட்டு 5,000 கோட்டை விட ரெண்டு மடங்கு நல்லதுன்னு நெனச்சுக் காச குடுத்துடறோம்.

சரி, ஊட்டி? அதுக்கு வானிலையப் பாக்கணும். ஆவி தானா வெளிய போறதில்ல, உள்ள ஜாஸ்தி வெளிய கம்மின்னா மட்டும்தான் போகும். தோல் பக்கம் 35 டிகிரில வேர்வையோட இருக்கற காத்துல ஒரு கன மீட்டருக்கு கிட்டத்தட்ட 40 கிராம் தண்ணி இருக்கும். ஊட்டில ஜூலை சாரல்ல 15 டிகிரி, 90% ஈரப்பதம்னு வெச்சுக்கிட்டா வெளிய இருக்கறது பதினொன்றரை கிராம். வித்தியாசம் 28. சென்னைல நவம்பர் மழைல 26 டிகிரி, 95%, வெளியவே 23 கிராம். வித்தியாசம் 16 பக்கம்தான். அதாவது அதே கோட்டு, அதே நான், ஆனா தள்ளற சக்தி பாதிக்குக் கொஞ்சம் மேல. கூடவே சென்னைல உடம்பு ஜாஸ்தி வேர்க்குது, ஊட்டில வேர்க்கவே இல்ல. ரெண்டும் சேந்து அடிச்சா சட்டை சொதசொதன்னு ஆகாம என்ன ஆகும். ரெண்டு ஊர்லயும் மழைதான், ரெண்டு ஊர்லயும் ஈரப்பதம் 90க்கு மேலதான், ஆனா குளுந்த காத்துல 90%ங்கறதும் சூடான காத்துல 90%ங்கறதும் ஒண்ணில்லன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

சித்தப்பாவோட ஓட்டைத் தத்துவத்துக்கு ஒரு விதிவிலக்கு இருக்கறத இங்க சொல்லிடறேன், நானே ரெண்டு நாள் குழம்புனது இது. கோர்டெக்ஸ் வகை மெம்பரேன்ல (துணியோட ஒட்டிருக்கற மெல்லிசுப் படலம்) நெசமாவே ஓட்டை உண்டு, 1969ல பாப் கோர்ங்கிறவர் சூடு பண்ணுன பிடிஎஃப்இ கம்பிய மெதுவா இழுத்து இழுத்து அறுந்துக்கிட்டே இருந்த கடுப்புல வெடுக்குன்னு இழுத்தப்ப அது நீண்டு, உள்ள கண்ணுக்குத் தெரியாத வலை ஆயிடுச்சு. தண்ணிச் சொட்டு நுழைய முடியாத, ஆவி நுழைஞ்சு போற ஓட்டை. நான்ஸ்டிக் தவால இருக்கற அதே பொருள்தான். ஆனா என் கோட்டுல இருக்கற மாதிரி பல பியூ (பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக்) மெம்பரேன்ல ஓட்டையே கெடையாது, ஊதுனா காத்து போகாது, இருந்தும் ஆவி போகுது. பிளாஸ்டிக் சங்கிலிகள்ல நடு நடுவுல தண்ணிய விரும்பற துண்டுகளக் கோத்திருப்பாங்க, ஆவி ஒரு பக்கம் அதுல கரைஞ்சு, உள்ளுக்குள்ள துண்டு துண்டாத் தாவி, மறு பக்கம் வெளியேறும். பக்கெட் தண்ணிய வரிசையா நின்னு கை மாத்தி விடற மாதிரி. இத சித்தப்பாகிட்ட சொன்னதுக்கு "ஓட்டையில்லாம போகுதா, நல்லா கத வுடற"ன்னார். கொதிக்கற தண்ணி டம்ளர் மேல கோட்டுத் துணியக் கட்டி, அதுக்கு மேல ஃப்ரிட்ஜ்ல வெச்ச எவர்சில்வர் டம்ளரக் கவுத்து வீடியோ கால்ல காட்டுனேன். ரெண்டு நிமிஷத்துல மேல் டம்ளர் உள்பக்கம் வேர்த்துச்சு. "அட"ன்னு மட்டும் சொன்னார்.

பழைய நைலான் கோட்டு கதையையும் சொல்லிடறேன், ஏன்னா இது நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் நடக்கறது. உள்ள வெள்ளை வெள்ளையா உரியும், இல்லன்னா பிசுபிசுன்னு ஒட்டும். பியூ பூச்சு ஈரத்தாலயும் சூட்டாலயும் மெதுவா உடைஞ்சு போறதுதான் அது, தண்ணியே அந்த சங்கிலிய வெட்டுது. பியூலயே பாலியஸ்டர் வகைன்னு ஒண்ணு, பாலிஈதர் வகைன்னு ஒண்ணு, மொதலாவது சீக்கிரம் போகும். நான் என்ன பண்ணேன்னா நனைஞ்ச கோட்டை உருட்டி வண்டி டிக்கில திணிச்சு வெயில்ல நிறுத்திட்டு ஆஃபீஸ் போயிட்டேன், மூணு வருஷம். அதுக்கு மேல சீக்கிரமா அத அழிக்க வழியே இல்ல. இப்ப புதுசை வீட்டுக்கு வந்ததும் ஹேங்கர்ல தொங்கவிட்டுடறேன்.

மொதல் ரிப்பேர் வெட்டு இல்ல, துவையல். கோட்டோட வெளித்துணில தண்ணி ஒட்டாம உருண்டு ஓடறதுக்கு ஒரு பூச்சு இருக்கும், அது அழுக்குலயும் சோப்பு மிச்சத்துலயும் மங்கிப் போனா வெளித்துணி தண்ணியக் குடிச்சு கனமா ஒட்டிக்கும். உள்ள தண்ணி வராது, ஆனா வெளிப்பக்கமே ஈரப் போர்வை போத்துன மாதிரி ஆயிட்டா ஆவி எங்க போகும், உள்ளயே குளுந்து தண்ணியாயிடும். பவுடர் போடாம கொஞ்சமா லிக்விட் சோப்பு, நாலு தண்ணி அலசல், வாசனைக்கு ஊத்துற கண்டிஷனர் கண்டிப்பா கூடாது, அது தண்ணி ஒட்டாத தன்மையக் கெடுத்துடும். காஞ்சதும் மேல கர்ச்சீப் போட்டு லேசான சூட்டுல அயர்ன் பண்ணேன், சூடு பட்டா அந்தப் பூச்சு மறுபடி எழுந்து நிக்கும். தண்ணி தெளிச்சா தாமரை இலை மாதிரி உருண்டுச்சு. ரெண்டு தோள்லயும் பேக் பட்டை தேய்ச்ச எடத்துல மட்டும் உருளல, அங்க ஸ்ப்ரே வாங்கி அடிச்சேன்.

இதனால கொஞ்சம் முன்னேற்றம். ஆனா கொஞ்சம்தான்.

அடுத்தது வெட்டு. மலையேறறவங்க கோட்டுல அக்குளுக்குக் கீழ ஜிப் வெச்சிருப்பாங்க, அதப் பாத்து நானும் ரெண்டு பக்கமும் 20 செ.மீ. கிழிச்சு உள்ள மெஷ் வெச்சு ஜிப் போடலாம்னு முடிவு பண்ணேன். தெருமுனை டெய்லர் அக்காகிட்ட "ஜாக்கெட்டுக்கு அக்குள்ல ஜிப் வெக்கணும்"னேன், அவங்க நிமிந்தே பாக்காம "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா, ஜிப் முன்னாடியா பின்னாடியா"ன்னாங்க. கோட்டுன்னு சொல்லியிருக்கணும். அவங்க மெஷின்ல இந்தத் துணி நகராதுன்னு சொல்லிட்டாங்க, அதனால வீட்டு மெஷின்லயே உக்காந்தேன்.

பூச்சுத் துணி தைக்கறதுல நான் கத்துக்கிட்டது: குண்டூசி குத்துனா ஓட்டை ஓட்டைதான், மூடாது, அதனால துணி காயப்போடற கிளிப்பு. 11ஆம் நம்பர் ஊசி, புதுசு. பாலியஸ்டர் நூல், காட்டன் நூல் தண்ணிய உறிஞ்சி உள்ள கொண்டாந்துடும். தையல் நெருக்கமா போட்டா தபால் தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி அங்கயே கிழியும், 3 மி.மீ. இடைவெளி நல்லது. பாதம் துணில ஒட்டிக்கிட்டு நகராது, மேல பட்டர் பேப்பர் வெச்சுத் தெச்சுட்டு அப்பறம் கிழிச்சுக்கலாம். தையல் மேல உள்பக்கமா சூட்டுல ஒட்டற சீம் டேப். அயர்ன் பாக்ஸ காட்டன்ல வெச்சு சாம்பிள் துண்டுல டெஸ்ட் பண்ணேன், அப்பளம் மாதிரி சுருண்டுச்சு. சில்க்ல வெச்சு, கர்ச்சீப் மேல, பத்து செகண்ட் அமுக்கி எடுத்தாத்தான் சரியா ஒட்டுச்சு.

அழகாத்தான் வந்துச்சு. டிசம்பர் மொத வாரம் மழைல போட்டுட்டுப் போனேன், வேளச்சேரி தாண்டறதுக்குள்ள ரெண்டு விலாவும் ஜில்லுன்னு. மலையேறறவன் கையத் தொங்கவிட்டு நடக்கறான், அவன் அக்குள் ஜிப் கையால மறைஞ்சிருக்கு. வண்டி ஓட்டறவன் கைய முன்னாடி நீட்டிருக்கான், அக்குள் விரியுது, கிழிச்ச எடம் நேரா மழையப் பாத்து வாயப் பொளக்குது. புனல் வெச்ச மாதிரி உள்ள ஊத்துச்சு. எப்படி எனக்கு இது தோணாம போச்சுன்னு இப்ப வரைக்கும் தெரியல, கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு தடவை ஹேண்டில்பாரப் புடிக்கற மாதிரி கைய நீட்டிப் பாத்திருந்தா போதும்.

அந்த ஜிப் ரெண்டையும் மூடி, உள்ள டேப் போட்டு நிரந்தரமா ஒட்டிட்டேன். மழை முன்னாடி இருந்து வருதுன்னா வாசல் பின்னாடி இருக்கணும். தோள்பட்டை எலும்புக்குக் கொஞ்சம் கீழ முதுகுல குறுக்க 28 செ.மீ. வெட்டி, அந்த வெட்டுல 7 செ.மீ. அகல மெஷ் பட்டை வெச்சுத் தெச்சேன். மேல இருந்து கீழ தொங்கற மாதிரி ஒரு மடல், மெஷ்ஷைத் தாண்டி இன்னும் 9 செ.மீ. இறங்கும், ஓட்டு வீட்டுல தாழ்வாரம் எறங்கற மாதிரி. மடலுக்குத் துணி அந்த ஹூடு. மடல் முதுகோட ஒட்டிக்கிட்டா காத்து வராது, அதனால மூணு எடத்துல விரல் தடிமனுக்கு பழைய யோகா மேட் துண்டு வெச்சுத் தூக்கி விட்டேன். கீழ ஓரம் லூசு, கழுத்தும் மணிக்கட்டும் கொஞ்சம் தளர்த்தி விட்டா வண்டி ஓடறப்ப கீழ இருந்தும் மணிக்கட்டு வழியாவும் காத்து நுழைஞ்சு முதுகு வழியா வெளிய போகுது.

அளந்து பாக்காம விடுவேனா. போட்டுட்டுப் போற டீசர்ட்டை வீட்டுல எடை போட்டு, ஆஃபீஸ் போனதும் ஜிப் கவர்ல போட்டு மறுபடி எடை. டாட் நிட் டீசர்ட் காஞ்சு இருக்கப்ப 138 கிராம். மாத்தறதுக்கு முன்னாடி ஒரு நாள் 226 வரைக்கும் போயிருந்துச்சு, கிட்டத்தட்ட 90 கிராம் வேர்வை. அக்குள் ஜிப் நாள்ல 251, அதுல வேர்வை எவ்ளோ மழை எவ்ளோன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். முதுகு மூக்கு வெச்சப்பறம் மூணு மழை நாள்ல 171, 184, 169. மூணு நாள் கணக்கை வெச்சு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது, டிராஃபிக், வெயில், நான் தின்ன இட்லி எல்லாம் அதுல கலந்திருக்கு. ஆனா முதுகு காயுதுங்கறத தராசு இல்லாமலே சொல்லுவேன். நெஞ்சு இன்னும் பிசுபிசுப்புதான், சிக்னல்ல மூணு நிமிஷம் நின்னா பழைய கதைதான், பேக் மாட்டுனா மடல் அமுங்கி எல்லாம் வீண், இப்ப பேக்கை டேங்க் மேல வெச்சுக் கட்டிட்டுப் போறேன்.

உள்ள போடற டீசர்ட் பத்தியும் ஒண்ணு. காட்டனா பாலியஸ்டரான்னு ஜிஎஸ்எம் வட்டத்தையே நனைச்சுப் புழிஞ்சு ஒரே ஃபேன் கீழ தொங்கவிட்டு கால் மணிக்கு ஒருக்கா எடை போட்டேன். காட்டன் வட்டம் கிட்டத்தட்ட அஞ்சு கிராம் தண்ணி புடிச்சிருந்துச்சு, டாட் நிட் மூணுக்கும் கம்மி. மணிக்கு இத்தனை கிராம்னு காயற வேகம் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். பாலியஸ்டர் சீக்கிரம் காயுதுன்னு சொல்றாங்களே, அது வேகமாக் காயல, கம்மியாக் குடிச்சிருக்கு, அதான் சீக்கிரம் முடிஞ்சிடுது. ஆனா பாலியஸ்டர் எண்ணெய்ப் பசைய விடாது, நாத்தம் ரெண்டே நாள்ல ஏறிடும், அந்த விஷயத்துல காட்டன் எவ்ளோவோ தேவல. ஆஃபீஸ்ல மாத்தற சட்டை காட்டன், வண்டில டாட் நிட், இப்படித்தான் ஓடுது.

இன்னும் ரெண்டு வேலை பாக்கி. அறுபது தாண்டுனா மடல் படபடன்னு அடிச்சு முதுகுல யாரோ தட்டிக் கூப்புடற மாதிரியே இருக்கு, ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டேன், ஓரத்துல பிரஸ் பட்டன் வெக்கணும். அப்பறம் அந்த வலது தோள் கசிவு, எல்லாத்தையும் வெட்டி ஒட்டி முடிச்சும் அத மட்டும் இன்னும் தொடல. சீம் டேப் ஒரு அடி மிச்சம் இருக்கு, கட்டரத் திருப்பிக் குடுக்க திருப்பூர் போறதுக்கு முன்னாடி ஒட்டிடணும்.